ஒலுவிலுக்கு இழுத்த திசைகாட்டி

அத்தியாயம் நான்கு

"சண்டை பிடிச்ச கிழமை ஆள் நேரா வீட்டுக்கு வாறார். சமாதானமா இருந்த கிழமை வழிதப்பி ஒலுவிலுக்குப் போறார். உலகத்தில எந்த மாப்பிளையும் இதத் தலைகீழாத்தான் காக்கா செய்வான்!"

கோகுலன் இதைச் சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். பாண்டிருப்புக்காரன். ஓட்டோ ஓட்டுவது அவன் தொழில், வாயை ஓட்டுவது பொழுதுபோக்கு. துப்பறிவாளருக்கு உதவியாள் என்று ஊரில் சொல்லித் திரிவதில் அவனுக்கு ஒரு தனிப் பெருமை.

பின் இருக்கையில் இருந்த அப்துல் ஹமீட், ஊருக்கெல்லாம் ‘காக்கா’ என்ற மூத்த அண்ணன், சிரிக்கவில்லை. கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடை மாடியில் ‘தனியார் விசாரணை’ என்று போர்டு மாட்டியிருக்கும் மனிதர் அவர். அதற்கு முன் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலை. மனைவி மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் அந்த வேலையை விட்டார். விட்ட பிறகுதான் தெரிந்தது, வீட்டில் சும்மா இருந்தால் சுவரோடுதான் கதைக்க வேண்டும் என்று. பயந்துபோய் இந்த போர்டை மாட்டினார். அதைப் பார்த்து வருகிறவர்கள் காணாமல் போன ஆட்டைத் தேடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டு மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கச் சொல்வார்கள். இன்று காலை வந்த ஹிமாயாவின் வழக்கு அந்த இரண்டிலும் சேராது.

அவளுடைய கணவன் நளீருக்குக் கல்முனைக்குடிக் கடற்கரையில் சொந்தமாக ஒரு சின்ன பைபர் படகு உண்டு. கூடத் தொழிலுக்கு வந்த மச்சினன் கட்டாருக்குப் பறந்துவிட, ஒரு வருடமாகத் தனியாகத்தான் கடலுக்குப் போகிறான். இரவு முழுக்க வலையோடு மல்லுக்கட்டிவிட்டு விடியுமுன் திரும்பும்போது கண் செருகும். தோளைத் தட்டி எழுப்ப ஆள் இல்லை. அதற்காக ஓர் இயந்திரம் பூட்டினான். திசையைக் குறித்துக் கொடுத்தால் போதும், அதுவே எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் படகை அந்தத் திசையில் பிடித்துக்கொள்ளும். அதற்கும் ஊரில் ஓட்டோ என்றுதான் பெயர். கோகுலனுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

அந்த ஓட்டோதான் இப்போது நளீரைத் தெருவில் விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, வீட்டில் சாப்பிட்டு, பின்னேரம் அஸருக்குப் பின் கடலுக்குப் போனவன், சனிக்கிழமை காலையில் கல்முனைக்குடிக்கு வராமல் தெற்கே ஒலுவிலில் போய் நின்றான். மத்தியானம் போல் திரும்பி வந்து, "நித்திரையாகிட்டன், மெஷின் பிழையாக் கொண்டு போய்ட்டு" என்றான். ஒருமுறை என்றால் நம்பலாம். மூன்று முறை நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? ‘சனிக்கிழமை மாப்பிள’ என்று பெயர் வைத்தது. ஒலுவிலில் அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி, ஆளுக்கொரு முகவரியும் கொடுத்தது.

ஹிமாயா அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாள். இந்தக் கரையில் வீடு பெண்ணோடு வருவது. பிரிவு என்று வந்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். நளீர் இப்போது கடற்கரை வாடிக் குடிசையில் வலைகளுக்கு நடுவே படுக்கிறான். நாளைக் காலை அவள் காதியாரிடம் போய் விவாகரத்துக் கேட்கப் போகிறாள்.

"மெஷின் பிழையா, மனிசன் பிழையா? அத மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க காக்கா" என்று ஹிமாயா கேட்டிருந்தாள். "பொய்க்காரனோட என்னால வாழ ஏலா. ஆனா அவர் மெய்தான் செல்லியிருந்தார் எண்டா, நான் பெரிய அநியாயக்காரி ஆகிருவன். நாளைக்கு முதல் எனக்குத் தெரியணும்."

போகும்போது வாசலில் நின்று ஒன்று சேர்த்துச் சொன்னாள். கோபத்தில் முகம் கொடுக்காமல் அனுப்பிய வெள்ளிக்கிழமைகளில் அவன் நேராகத்தான் வந்தான். சிரித்துக் கதைத்த கிழமைகளில்தான் இந்த ஒலுவில் வேலை.

*

வாடி வாசலில் நளீர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு கிழமைத் தாடி. ஹமீட்டைக் கண்டதும் எழுந்து முதலில் கேட்டது இதைத்தான்:

"ஹிமாயாக்கு இருமல் சுகமா காக்கா?"

ஹமீட் அதை மனதில் குறித்துக்கொண்டார். எத்தனையோ பொய்க்காரர்களைப் பார்த்தவர் அவர். பொய்க்காரன் முதலில் தன் நியாயத்தைத்தான் அவிழ்ப்பான். இருமலை விசாரிக்க மாட்டான்.

படகில் பர்ஸான் நின்றான். அந்த இயந்திரத்தைப் பூட்டிய பையன் அவன்தான் என்று ஊர் முழுக்கத் தெரியும், அதனால் அவன் பெயரும் கெட்டுக் கிடந்தது. ஆள் கொதித்துக்கொண்டிருந்தான்.

"மெஷின்ல பிழை எண்டு ஒருத்தன் என்ட முகத்துக்கு நேர செல்லட்டும் பாப்பம்!"

"ஒருத்தரும் செல்லல்ல. எங்க பூட்டின எண்டு காட்டு" என்றார் ஹமீட்.

பர்ஸான் படகின் நடு இருக்கைப் பலகையைத் தூக்கினான். கீழே ஒரு பெட்டி. அதன் அடியில், உள்ளங்கை அகலத்தில் கறுப்பாக ஒரு வில்லை, பித்தளை ஸ்குரூவில் இறுக்கியிருந்தது.

"இதுதான் காக்கா சென்சர். அங்கால தெரியிற டிஸ்பிளே வெறும் முகம், வடக்கப் பாக்கிற கண் இதுதான். இதுக்குப் பக்கத்தில இரும்பு ஆகா. ஸ்பீக்கர் ஆகா. கரண்டு போற வயரும் ஆகா. பின்னால வெக்கப் பாத்தா எஞ்சின். முன்னால நங்கூரம், ஆட்டமும் கூட. கம்பில உசத்திக் கட்டினா ஊஞ்சல் மாதிரி ஆடும். நடுவில, கீழ பதிவா, ஆட்டம் குறைஞ்ச இடம் வேணும். இந்தச் சின்ன போட்டுல அதுக்கு இந்தப் பெட்டிய விட்டா வேற இடமில்ல."

"பூட்டின பிறகு பாத்தியா?"

"பாக்காம? அலை இல்லாத நாள்ல மெதுவா வட்டம் சுத்தி மெஷினுக்குத் திசை படிச்சுக் குடுத்தன். கரையில நிண்டவனுகள் எனக்கு ஜின் பிடிச்சிட்டு எண்டானுகள்."

"கடல்ல வட்டம் சுத்தினா ஜின்னாம்" என்றான் கோகுலன். "நான் ஓட்டோ நிப்பாட்ட இடம் தேடி பஸார்ல ஒவ்வொரு நாளும் வட்டம் சுத்துறன். எனக்கு ஒருத்தரும் ஓதிப் பாக்கல்ல."

பர்ஸான் சட்டைப் பையிலிருந்து சின்னக் கைத் திசைகாட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஹமீட் அதைப் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனார். முள் அசையவே இல்லை. வடக்கை வடக்கு என்றுதான் சொன்னது.

"கடலுக்குப் போகக்குள்ள இதுக்குள்ள என்ன வெப்ப?" என்று நளீரைக் கேட்டார்.

"சாப்பாட்டுப் பை, தண்ணிப் போத்தல், மாத்துச் சாரன். நனையாத இடம் இது மட்டுந்தானே. முதல்ல எவர்சில்வர் கேரியர்ல சோறு கொண்டு போன. பர்ஸான் ஏசின பிறகு அதையும் பிளாஸ்டிக்குக்கு மாத்திட்டம்."

"கத்தி?"

"முன்னால."

"வேற இரும்பு? நல்லா யோசிச்சுச் செல்லு."

"வல்லாஹி காக்கா, ஒரு துண்டு இரும்பும் அதுக்குள்ள போறல்ல."

சத்தியம் சுத்தமாகத்தான் விழுந்தது. ஹமீட்டுக்கு அதுதான் தலையிடி. இயந்திரமும் சரி, மனிதனும் சரி என்றால் படகு ஏன் ஒலுவிலுக்குப் போகிறது?

திரும்பும்போது நளீர் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தான்.

"வாடியில படுக்கிறதும் கடல்ல கிடக்கிறதும் ஒண்டுதான் காக்கா, ரெண்டிலயும் கதைக்க ஆளில்ல. கடல்ல எண்டா, விடிஞ்சா ஊட்டுக்குப் போகலாம் எண்டு ஒண்டாவது இரிந்த."

ஹமீட் அவன் தோளைத் தொட்டுவிட்டு வந்து ஓட்டோவில் ஏறினார்.

*

ஹிமாயாவின் வீட்டு முற்றத்துக்குப் போனபோது வெயில் இறங்கிவிட்டது.

"மெஷின்ல ஒரு பிழையும் காணல்ல மகள்" என்றார் ஹமீட்.

அவள் முகம் இருண்டது. "அப்ப மனிசன்தான் பிழை."

"அப்பிடியும் செல்ல ஏலாமக் கிடக்கு. இந்த ராவு மட்டும் பொறு."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை. "கொண்டு போய்ச் சாப்பிடுங்க காக்கா. கடைச்சோறு திண்டு வத்திப் போய்ட்டீங்க. இறைச்சி ஆணம். கைப் பழக்கத்தில ரெண்டு பேருக்கு ஆக்கிட்டன், திங்கத்தான் ஆளில்ல."

ஓட்டோ பெரிய ரோட்டில் ஏறவும் அந்தி மஃரிபுக்கு பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. மடியில் பை சூடாக இருந்தது. வீட்டில் ஆக்கிய சோறு இப்படி மடியில் சூடாக இருந்து எவ்வளவு காலம்! அந்த நினைப்பை மறக்கத்தான், பர்ஸான் கொடுத்து இன்னும் ஹமீட்டின் கையிலேயே இருந்த திசைகாட்டியைப் பார்த்தார்.

"கோகுலன், நாம எந்தப் பக்கம் போறம்?"

"வடக்க. ஏன்?"

"இது வேற பக்கம் காட்டுது."

"அதுவும் ஒலுவிலுக்குப் போகப் பாக்குதா? அப்ப அங்க என்னமோ இருக்கு காக்கா!" என்றவன், பிறகு சொன்னான்: "என்ட ஓட்டோ முழுக்க இரும்பு. அதுதான் முள்ளு ஆடுது."

நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் ஹமீட்டுக்கு மனம் ஆறவில்லை. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். வீதி ஓரத்து வெறும் வளவுக்குள் நடந்து போய் நின்று பார்த்தார். முள் வடக்குக்கு வந்தது. திரும்பி வந்து, சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி அதே இடத்துக்குப் போனார். பையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

முள் சட்டென்று திரும்பியது.

"பிஸ்மில்லாஹ்!" என்று பையை அவிழ்த்தார். பிளாஸ்டிக் பெட்டியில் சோறு. மற்றதில் குழம்பாக இறைச்சி ஆணம். இரண்டுக்கும் நடுவே கடதாசியில் சுற்றி இரண்டு கரித்துண்டு, கூடவே விரல் தடிப்பில் ஒரு பழைய ஆணி.

"இது இறைச்சிக்கு வெக்கிற ஆணிதானே?" என்றான் கோகுலன் அலட்சியமாக. "எங்கட அம்மாவும் வெப்பா. இருட்டுப்படுற நேரத்தில இறைச்சி, பொரியல் எண்டு வாசமாக் கொண்டு போனா பேய் பின்னால வருமாம். கரியும் இரும்பும்..."

அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"செல்லு. ஏன் நிப்பாட்டின?" என்றார் ஹமீட்.

"கரியும்... இரும்பும்."

"சென்சருக்குப் பக்கத்தில இரும்பு இரிக்கா எண்டு நான் கேட்டன். இல்ல எண்டு அவன் சத்தியம் பண்ணினான். பொய்யா செல்லினான்? சாப்பாட்டுப் பையில என்ன இரிக்கி எண்டு கேட்டா நீயும் நானும் சோறு, கறி எண்டுதான் செல்லுவம். இந்த ஆணிய ஆரு இரும்பு எண்டு நினைக்கிற? இது இறைச்சியோட சேத்தி."

"மீனுக்கு?"

"மீனுக்கு ஆரும் வெக்கிறல்ல."

கோகுலன் தலையில் கை வைத்தான். "வெள்ளிக்கிழமை எண்டா உங்கட வீடுகள்ல இறைச்சிதானே, கோவமா இருந்தா மனிசி அத ஆக்க மாட்டா. ஏதோ ஒரு மீனோட அனுப்புவா, ஆள் நேரா வீட்ட வருவார். பாசம் வந்தா இறைச்சி ஆணம், ஆணி, ஒலுவில்! ஐயோ காக்கா, அந்த மனிசன் பாசத்தாலதான் காக்கா நாசமாப் போனது!"

"போகக்குள்ள அவன் கையால பிடிச்சுக்கொண்டு போறான், பிழை தெரியல்ல. வரக்குள்ளதான் மெஷினிட்ட விட்டுட்டுத் தூங்கிற. சாப்பிட்டாலும் ஆணி பையிலதான் கிடக்கும். அத எறியிறல்ல, ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டு வாற. திருப்பு ஓட்டோவ!"

*

ஹமீட் தொலைபேசியில் கூப்பிட்டதும் பர்ஸான் நளீரை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நளீர் வாசல் படலைக்கு வெளியே நின்றுகொண்டான். உள்ளே வரச் சொல்ல யாருமில்லை.

ஹமீட் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு அதில் திசைகாட்டியை வைத்தார். பக்கத்தில் ஆணியை வைத்தார். முள் திரும்பியது. ஆணியை எடுத்தார். முள் தன் இடத்துக்குப் போனது.

பர்ஸான் குனிந்து பார்த்து, "இவ்வளவு மொத்த ஆணிய என்ட சென்சருக்கு மேலயா வெச்ச!" என்று அலறினான். "இதுக்கு மேல என்னத்தக் காட்டணும்? போட்டு ஒலுவிலுக்குப் போகாம எங்க போகும்!"

ஹிமாயா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நானா? நான்தானா அவர..."

"நீ பாதுகாப்புக்கு வெச்ச. அவன் மெய்தான் செல்லியிருக்கான் மகள்" என்றார் ஹமீட்.

இவ்வளவில் முடிந்திருந்தால் நல்ல வழக்கு. ஹமீட் அப்படித்தான் நினைத்தார், கோகுலன் கை தட்டவே போனான். ஆனால் ஹிமாயா ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோசம் மெல்ல மெல்ல இறங்கியது.

"மச்சான்" என்றாள், படலைப் பக்கம் திரும்பாமலே. "ரெண்டாம் தரம் ஒலுவிலுக்குப் போனீங்களே, அந்தக் கிழமை நான் ஊட்ட இல்ல. சாய்ந்தமருதுல கூடப்பிறந்த ராத்தாட ஊட்ட நிண்ட, அவட பிள்ளைப்பேத்துக்கு. நீங்க கடைச்சோறு கட்டிக்கொண்டு போன."

அப்போதுதான் படலைப் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு ஆணி ஆரு வெச்ச?"

எத்தனை வருடம் பொய்க் கணக்குப் பிடித்த மனிதர் ஹமீட்! ஆணியைக் கண்ட சந்தோசத்தில் மூன்று சனிக்கிழமையையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார். கோகுலன் விரல் விட்டுச் சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தான்.

நளீர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் சொன்னான்:

"அண்டைக்கு மெஷின் நேராத்தான் கொண்டு வந்த. கரை தெரிஞ்ச. நான்தான் திருப்பின."

"ஆருட ஊட்டுக்கு?"

"ஆருட ஊட்டுக்கும் இல்ல புள்ள."

"பின்ன என்னத்துக்கு?"

"முதல் நாள் வந்து கதவத் திறந்தன். ஊட்டுக்குள்ள ஒரு சத்தம் இல்ல. ராவு முழுக்க கடல்ல ஒரு மனிசக் குரல் கேக்காம வாறன். கதவத் திறந்தா நீ ஏதாவது கேப்பாய், மீன் என்ன பட்ட, ஏன் சுணங்கின எண்டு. அண்டைக்கு அதுவும் இல்ல. சாரனும் மாத்தாம வெளிய வந்துட்டன். அடுத்த நாளும் அப்பிடித்தான் கிடக்கும் எண்டு தெரியும். அதுதான் ஒலுவிலுக்குத் திருப்பின. அங்க மீன் ஏலம் கூறுவானுகள், சத்தமாக் கிடக்கும். மதில்ல குந்திக்கொண்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கொண்டிருந்தன்."

"இத ஏன் எனக்கிட்டச் செல்லல்ல?"

"ஒலுவில்ல ஒருத்தி இரிக்காள் எண்டா ஊர் நம்பும். தனிய ஊட்ட இரிக்க ஏலாமப் போன எண்டு ஒரு ஆம்பிள செல்லினா ஆரு நம்புவா? சிரிப்பாங்க. முதல் தரம் மெஷின் பிழை விட்ட, இதையும் அதில போட்டுட்டன்."

ஹமீட் நம்பினார். அந்த வீடு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் அவர் போய்த் திறப்பது அந்த மாதிரிக் கதவைத்தான். ஆனால் அவர் நம்பி என்ன பிரயோசனம்? நாளைக்குக் காதியாரிடம் போகிறவள் ஹிமாயா. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அண்டைக்குப் பகலைக்கு என்ன திண்ட?"

நளீருக்கு விளங்கவில்லை. "ஆ?"

"ஒலுவில்ல குந்திக்கொண்டு இருந்தீங்களே, என்ன திண்ட எண்டு கேக்கன்."

"ஒண்டுமில்ல. வெறும் தேத்தண்ணி, பிளேன்ரீ ஒண்டு."

அவ்வளவுதான், ஹிமாயா வெடித்துவிட்டாள்.

"பிளேன்ரீயா? வயித்துப்புண்ணுக்கு மருந்து குடிக்கிற மனிசன் பகல் முழுக்க பிளேன்ரீயோடயா கிடந்த? கையில போன் இல்லயா? சாய்ந்தமருது என்ன சவூதியிலயா இரிக்கி? ராத்தா ஒரு பிடி சோறு தரமாட்டாளா? ஊர் என்னப் பாத்துச் சிரிக்கிற, நான் ராவு ராவா அழுற, இவர் அங்க மதில்ல குந்திக்கொண்டு ஏலம் கேக்கார்! இப்ப காதியாருக்கு நான் என்னத்தச் செல்லிப் போன் எடுக்கிற? என்ன மச்சான் அங்க நிண்டு பாக்கீங்க? படலையச் சாத்திப்போட்டு உள்ள வாங்க, ரோட்டால போறவங்க விடுப்புப் பாக்கிற கூத்தா இது?"

நளீர் ஒரு காலை உள்ளே வைத்தான். பிறகு மற்றக் காலையும் வைத்தான்.

பர்ஸான் ஹிமாயாவிடம் தயங்கித் தயங்கி, "ராத்தா, இனி அந்த ஆணிய வெக்காட்டி மெஷின் சரியா..." என்று தொடங்கினான்.

"ஆணி இல்லாம நான் இறைச்சி அனுப்பவே மாட்டன்!" அவனுக்கும் விழுந்தது. "ஆணிய முன்னுக்குக் கொண்டு போய் அந்த நங்கூரத்தோட கட்டு. பேய்க்கு முன்னால ஏறினா என்ன, பின்னால ஏறினா என்ன? பாத்துக் கொள்ளட்டும்! நீயும் மெஷின் பூட்டக்குள்ள என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா, ஊட்ட இருந்து என்னென்ன வருது எண்டு?"

அவள் மறுபடி புருசன் பக்கம் திரும்பினாள். தாடியைப் பற்றி ஏசினாள், வாடியில் படுத்து மெலிந்ததைப் பற்றி ஏசினாள். நளீர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தான்.

கோகுலன் ஓட்டோவை முடுக்கினான். "வழக்கு முடிஞ்சிது காக்கா. போவமா?"

ஹமீட் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வீட்டுக்குள்ளிருந்து ஹிமாயாவின் குரல் இன்னும் உரத்துக் கேட்டது.

"கொஞ்சம் பொறு. அவ ஏசி முடியட்டும்."

"ஏன் காக்கா, இனியும் ஏதும் தடயம் வருமா?"

"இல்ல" என்றார் ஹமீட். "சும்மாதான். கேட்டுக்கொண்டு இருப்பம்."

கோகுலன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு எஞ்சினை நிறுத்தினான்.